எப்சிபாவின் கன்னத்துத் தடங்கள்

செம்மணல்விளையில் ஒருவர் முகத்தில் மறைத்த குறை இன்னொருவர் முகத்தில் போய் உட்காரத் தொடங்கியது எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த பிறகு என்பார்கள் சிலர், சர்ச்சில் அசனச் சாப்பாடு போட்ட வாரம் என்பார்கள் சிலர். ஆனால் முதலில் போனது கூட்டுறவு வங்கி வசந்தகுமாரியின் கருவளையம் என்பதிலும், அது போய் உட்கார்ந்தது மீன்காரி இசக்கியம்மாளின் கண்ணுக்குக் கீழே என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வசந்தகுமாரி ஒரு சடங்கு வீட்டுக்குப் போக வேண்டி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் இருக்கும் நவமணியின் அழகு நிலையத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பை மறைக்கும் கன்சீலர் பூச்சு வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதே நேரம் சந்தையில் வாளை மீனைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாளுக்கு, படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாத இசக்கியம்மாளுக்கு, மாதக்கணக்கில் கண் மூடாதவளைப்போல இரண்டு கருவளையம் வந்து இறங்கியது. சாயங்காலம் வசந்தகுமாரி முகம் கழுவியதும் அது புறப்பட்டுத் தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் இசக்கியம்மாள் வங்கிக்குப் போய், கவுன்டரில் வசந்தகுமாரியின் முகத்தைப் பார்த்து, நேற்று தன்னிடம் இருந்தது இதுதான் என்று அடையாளம் கண்டுகொண்டு, என்ன கவலையோ தெரியாது, கொஞ்சம் படுத்து உறங்கு தாயி என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொல்லியிராத வசந்தகுமாரி, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, புது பஸ் ரூட்டுக்குப் பழகுவதுபோல. ரேஷன் கடைக்காரருக்குக் கல்லூரிப் பெண்ணின் பருக்கள் வந்தன; எலெக்ட்ரீஷியன் சுடலைமுத்துவுக்குக் கல்யாணப் பெண் ஒருத்தியின் அம்மைத் தழும்பு வந்தது, அவன் அதைத் தடவிப் பார்த்துப் பார்த்து அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தான். தடம் மட்டும்தான் போகும், அரிப்போ எரிச்சலோ வலியோ கூடப் போகாது என்பதால் சுமப்பவர்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. கன்சீலர் வைத்துக்கொண்ட பெண்கள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு முகம் கழுவினார்கள், யாரோ நமக்காகச் சுமந்துகொண்டு இருப்பார்கள் என்று. சுமந்தது யார் என்று விசாரித்து ஒரு சீப்பு பழம் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமும் வந்தது. பிள்ளையார் கோயில் ஐயரும் பாஸ்டரும் பள்ளிவாசல் இமாமும், ஒருவரை ஒருவர் கேட்காமலே, இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நவமணிக்கு இதனால் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள் அவள். அழுதுகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவளைக் கூட்டிவந்து, மாடியைப் பிடித்துக்கொடுத்து, கண்ணாடியும் நாற்காலியும் வாங்கிப் போட்டவன் தம்பி செல்வின். பஜாரில் பேக்கரி வைத்திருந்தான். கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே பன் எடுத்துக் கொடுப்பான். யார் வீட்டில் சாவு என்றாலும் அவன் கடையிலிருந்துதான் முதலில் ரொட்டியும் காப்பியும் போகும். இளவயதில் மாவு பிசையும் மெஷினில் வலது கையைக் கொடுத்து நடுவிரலில் ஒரு கணுவை இழந்திருந்தான். அந்தக் கையை ஊரில் குலுக்காதவர் இல்லை.

சித்தி மகன் கல்யாணத்துக்கு வேன் வந்து செல்வின் வீட்டு வாசலில் நின்ற காலையில், செல்வினின் பெண்டாட்டி எப்சிபா மட்டும் இன்னும் புறப்படவில்லை என்று நவமணி அவளைக் கூப்பிட உள்ளே போனாள். எப்சிபா பின்கட்டு அறையில் புதுச் சேலையும் பூவுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில் நாலு விரல் பதிந்து நீலம் பாரித்திருந்தது. நாலில் நடுவிரல் குட்டையாக இருந்தது.

நவமணி பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். வாசலில் போய்த் தம்பியைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். வேனில் அம்மா ஞானப்பூவும் சொந்தக்காரர்களும் இருந்தார்கள், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், செல்வினோ அவளுக்கு வாழ்வு கொடுத்த தம்பி. அவள் தன் பையைத் திறந்து கன்சீலரை எடுத்தாள்.

"நான் வெச்சு விடுதேன். நல்லாப் பாத்துக்கோ, அப்புறம் உனக்கே வரும்" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பாடம் தொடங்கியது. எப்சிபாவை ஜன்னலுக்குப் பக்கத்தில் திருப்பி உட்கார வைத்து, டியூப் லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்றாள். கையில் தடவிப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, தாடை ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார், எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உன் நிறம், வெளுப்பாகத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டால் சாம்பல் பூசியது மாதிரி ஆகிவிடும் என்றாள். நீலமாக இருக்கும்போது நேராகக் கன்சீலர் வைத்தால் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும், அதனால் முதலில் ஆரஞ்சு நிறத்தை மெலிசாகக் கொடுத்து நீலத்தை அடக்கு, அது காய்ந்த பிறகு உன் நிறத்தைப் புள்ளி புள்ளியாக வை என்றாள். மோதிர விரலால் செய், அந்த விரலுக்குத்தான் பலம் குறைவு, தேய்க்காதே, ஒற்று, ஒற்றிக்கொண்டே ஓரத்தைக் கரைத்துவிடு, கடைசியில் பவுடரை அழுத்தி எடு என்றாள். எப்சிபா வலியில் ஒருமுறை தலையைப் பின்னுக்கு இழுத்தாள். நவமணி விரலை எடுத்து ஊதிவிட்டு மறுபடி ஒற்றினாள். முடிந்ததும் கன்னம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதைப் பார்த்தபோது நவமணிக்குத் தன் கைவேலையில் ஒரு பெருமை வந்தது. பின்னால் அவள் நெஞ்சை அதிகம் அரித்தது அந்தப் பெருமைதான்.

சாயங்காலம் கழுவிவிடு என்றுதான் சொல்லியிருந்தாள். எப்சிபா கழுவவில்லை. கழுவிய முகத்தைப் பார்த்தால், என்னைக் குத்திக் காட்டுதியா என்று செல்வின் மறுபடி கையை ஓங்குவான். அதனால் அவள் பூசியதோடு படுத்தாள், காலையில் அதன்மேல் இன்னொரு பூச்சு வைத்தாள், அடுத்த அடி விழுந்தபோது அதன்மேலும் வைத்தாள். டியூப் தீர்ந்துபோனதும் நவமணியிடம் வந்து காலி டியூபை நீட்டினாள். நவமணி ஒன்றும் கேட்காமல் புதுசு எடுத்துக் கொடுத்தாள்.

முதல் தடம் தலைமையாசிரியர் அருளானந்தத்தின் கன்னத்தில் வந்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் அவர் நாலு விரல் பதிந்த கன்னத்தோடு நின்றார். எல்லாத் தடமும் சாயங்காலம் திரும்பிப் போகும், இது போகவில்லை. தனக்குரிய உடம்பை விட்டு விலகியிருந்ததால் ஆறவும் இல்லை, வந்த அன்றிருந்த நீலத்தோடு அப்படியே இருந்தது. இரண்டாவது தடம் பாஸ்டருக்கு வந்தது, அடுத்தது ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு, அதற்கடுத்தது காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரம்மாவின் தாடையில். பருவையும் கருவளையத்தையும் என்னுடையதுதான் என்று பழத்தோடு வந்து சொன்ன ஊரில், இதற்கு மட்டும் சொந்தம் கொண்டாடி யாரும் வரவில்லை. நாலு பெண்கள் மாடி ஏறி வந்து நவமணியிடம் விசாரித்தார்கள். எங்கள் கடைக்கு அப்படி யாரும் வரவில்லை என்று அவள் சொன்னாள். பாடம் நடந்தது கடையில் இல்லை, தம்பி வீட்டில். ஆகவே அது பொய் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், அரிசி களையும்போது சொல்லிக்கொண்டாள், ஜெபத்தில் முழங்கால் போட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

ஊர் அதற்கும் பழகியது. தடம் வந்த ஆண்கள் தாடி விட்டார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்கள். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் தடம் இருப்பவர்களை மறுபக்கம் திரும்பி உட்காரச் சொன்னார், ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர், கன்னத்தில் தடம் இருக்கு, ஆனா அது பெண்ணோடது இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், மாப்பிள்ளை வீட்டாரும் தலையாட்டிக்கொண்டார்கள். பாஸ்டர் தன் தடத்தோடு பிரசங்க மேடையில் ஏறிப் பொறுமையைப் பற்றிப் பேசினார். புகார் கொடுக்க யாராவது வராமல் தன்னால் என்ன செய்ய முடியும் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

குட்டை விரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அருளானந்தம் முதல் நாளே ஆசிரியர் அறைக் கண்ணாடிமுன் நின்று தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தார், அன்று சாயங்காலம் எப்போதும்போல செல்வின் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எல்லோருமே வாங்கினார்கள். தன் கை பதிந்த முகங்களுக்கு அதே கையால் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான் செல்வின். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டான், தடம் இருப்பவர்களுக்கு ஒரு பன்னைக் கூடுதலாக வைத்தான், அடிப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு புதுத் தடத்தையும் பஜாரில் பார்க்கும்போது நவமணி தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தாள். ஆனாலும் டியூப் தீர்ந்து எப்சிபா வந்து நிற்கும்போது அவள் கை தானாக அலமாரிக்குப் போனது. இல்லை என்று சொன்னால் எப்சிபாவை யாராவது பார்த்துவிடுவார்கள், பார்த்தால் தம்பிக்குக் கேவலம் என்பது ஒரு பக்கம்; தன்னால் அந்தப் பெண்ணுக்குச் செய்ய முடிந்தது இவ்வளவாவது இருக்கிறதே என்பது இன்னொரு பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்த பிறகும் அம்மா ஞானப்பூ அறையை விட்டு வெளியே வரவில்லை. நவமணி போய்ப் பார்த்தபோது அவள் வெள்ளைச் சேலை உடுத்தி, பைபிளை மடியில் வைத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை எதுவும் இல்லாத அவள் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது.

ஞானப்பூ மகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெல் அடிச்சாச்சு. கொஞ்சம் பூசி விடு" என்றாள்.

"எம்மா, இது யாரு கைன்னு தெரியுதா?"

"நான் பெத்த கை எனக்குத் தெரியாதா? பூசு."

"பூசுனா வேற யாருக்காவது போயிரும்மா."

"போவட்டும்" என்றாள் ஞானப்பூ. "ஊருல எத்தனை பேரு இருக்காங்க."

நவமணி டியூபைத் திறந்தாள். அம்மாவின் தாடை ஓரத்தில் நிறத்துக்கு ஒரு கோடும் போட்டுவிட்டாள். அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோகும்போது விரல் நின்றுவிட்டது. தன் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது, அந்தக் கல்யாணக் காலையில், வேன் ஹாரன் அடித்தபோது. இதே அவசரம், இதே நிதானம். அவள் டியூபை மூடிவிட்டுத் தேங்காய் எண்ணெய்க் குப்பியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அம்மா இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

செல்வின் கடைக்குப் போயிருந்தான். எப்சிபா குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நவமணியின் கையிலிருந்ததைப் பார்த்ததும் துருவுவதை நிறுத்தினாள்.

நவமணி, "நான் கத்துக்குடுத்திருக்கக் கூடாது எப்சி. அழிச்சு விடட்டா?" என்று கேட்டாள். "அழிச்சா எல்லாம் உனக்கே திரும்பி வந்துரும். வேண்டாம்னா சொல்லு, போயிருதேன்."

எப்சிபா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "தடம்தான மைனி ஊர் சுத்துச்சு. வலி எங்கிட்டயேதான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பின்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் முகத்தைத் தூக்கி உட்கார்ந்தாள்.

எண்ணெய்ப் பஞ்சு பட்டதும் மேல்பூச்சு கரைந்து அம்மாவின் கன்னத்திலிருந்த தடம் வந்தது. அதை ஒற்றி எடுக்க அடுத்தடுத்த பூச்சுகள், அவற்றுக்கு அடியில் இன்ஸ்பெக்டரம்மாவின் தாடையிலிருந்தது. அதற்கும் அடியில் ஜவுளிக்கடைப் பெண்ணுடையது. சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார், ஆண்கள் பக்கம் ஒன்றும் பெண்கள் பக்கம் ஒன்றுமாகத் தடங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்ததை மேடையிலிருந்து பார்த்தார், பிறகு சபையே தன் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்து, கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, சொல்ல வந்த வசனத்தை மறந்துபோனார். மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவனையும் ரேஷன் கடைக்காரரையும் அதற்கு முன்பே விட்டுப் போயிருந்தது, தலைமையாசிரியர் கன்னத்தை விட்டுக் கடைசியாகப் போனது. எல்லாம் வந்து எப்சிபாவின் முகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கின, கன்னம் கருத்துக் கண் வீங்கிக் காதோரம் வரை படர்ந்தன. பாதியில் நவமணி பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, இதற்குமேல் என்னால் முடியாது என்றாள்.

"எடுங்க மைனி. பாதியில விட்டா எப்படி? நிறுத்தாதீங்க" என்றாள் எப்சிபா.

நவமணி பஞ்சை எடுத்தாள். அடியில் இருந்த ஆரஞ்சுப் பூச்சு வரைக்கும், தன் மோதிர விரல் வைத்த முதல் புள்ளிகள் வரைக்கும், அவளே அழித்தாள்.

எப்சிபா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். நவமணி சில அடி பின்னால் நடந்தாள். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை, எப்சிபாவும் திரும்பிப் பார்த்துக் கூப்பிடவில்லை. சர்ச் வாசலில் ஆராதனை முடிந்து வந்த கூட்டம் நின்றது. சுத்தமான கன்னங்களோடு நின்ற அத்தனை பேரும் தங்களிடம் இருந்தது எங்கே போனது என்று பார்த்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து எப்சிபாவின் பக்கத்தில் நடந்தாள், அவளைப் பார்த்து வசந்தகுமாரியும் வந்தாள், கொஞ்சம் தயங்கி அருளானந்தமும் வந்தார்.

பேக்கரிக்கு முன்னால் செல்வின் மாவு அப்பிய கையோடு தெருவில் வந்து நின்றான். எப்சி, வீட்டுக்குப் போ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். எப்சிபா அவனைத் தாண்டிப் போனாள். அவன் பார்வை பின்னால் வந்துகொண்டிருந்த நவமணியிடம் போனது. "அக்கா" என்றான், சின்ன வயதில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது கூப்பிடும் அதே குரலில். நவமணியும் அவனைத் தாண்டி நடந்தாள். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே பாரமான காரியம் அதுவாக இருந்தது.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரம்மா ஏற்கெனவே வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தாள். தாடையிலிருந்து தடம் விலகியபோதே, அதன் சொந்தக்காரி இன்று வருவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வழக்கு நடந்தது, செல்வின் சிறைக்குப் போனான். நவமணி கோர்ட்டில் ஏறி, தம்பி செய்ததையும் சொன்னாள், அதை மறைக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். கேட்ட வக்கீல் இரண்டாவதை எழுதிக்கொள்ளவில்லை, அது வழக்குக்குத் தேவைப்படவில்லை. ஞானப்பூ அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை; ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், ஜாடையிலேயே காலம் ஓட்டினாள். ஊரில் தடங்கள் இடம் மாறுவது நின்றுபோனது. பூசினால் மறைந்தது, கழுவினால் தெரிந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் யாருக்குத் தூக்கம் இல்லை என்றே தெரியாமல் போய்விட்டது என்று இசக்கியம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். நவமணி அழகு நிலையத்தைத் தொடர்ந்து நடத்தினாள், ஆனால் யாராவது கன்சீலர் வேண்டும் என்று உட்கார்ந்தால், டியூபை எடுப்பதற்கு முன்னால், இது எப்படி வந்தது என்று கேட்டாள். அதனால் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், ஒன்றிரண்டு பேர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்கள்.

எப்சிபா நாசரேத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நவமணி அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து, பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிப் போய், மறு வருஷம் மழை தொடங்கிய பிறகுதான் ஒருநாள் மத்தியானம் போனாள். எப்சிபா கதவைத் திறந்தாள், வாங்க மைனி என்றாள், காப்பி போட்டுக் கொடுத்தாள். அக்கா பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், தையல் கூடத்தில் புதிதாக வந்த மெஷினைப் பற்றியும் பேசினாள். முகத்தில் ஒன்றும் பூசியிருக்கவில்லை.

நவமணி காப்பியைக் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டாள். கடைசியில், "ஊர்ல எல்லாரும் ஒண்ணு ஒண்ணு சுமந்தாங்க எப்சி. எனக்கு மட்டும் வரவே இல்ல" என்றாள். "உங்கிட்ட ஏதாவது ஒண்ணு மிச்சம் இருந்தா எனக்குக் குடு. நான் வெச்சுக்கிடுதேன்."

எப்சிபா எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். வெளிச்சத்தில் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள், பிறகு வலது கன்னத்தை, பிறகு கூந்தலை ஒதுக்கிக் காதோரத்தை.

"எல்லாம் ஆறிப்போச்சு மைனி. குடுக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டு வந்த பொருள் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்வதைப்போலச் சொன்னாள். ஆறிய காப்பியை வாங்கிக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். செம்மணல்விளை பஸ் எத்தனை மணிக்கு என்று அக்கா மகளிடம் விசாரித்துச் சொல்லி, வாசல்வரை வந்து அனுப்பினாள். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் நவமணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, முகத்துக்கு என்ன போடுறீங்க, ஒரு மாசு மரு இல்லாம இருக்கே என்று கேட்டாள். நவமணி ஒன்றும் போடவில்லை என்றாள். அந்தப் பெண் நம்பாமல் சிரித்துவிட்டு, பிடித்துக்கொள்ள இடமில்லாமல், குழந்தையை அவள் மடியில் கொடுத்தாள். பஸ் செம்மண் தேரி மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தது, அங்கே எதுவும் இல்லை.